எலுமிச்சைத் தோலில் அடுப்பெரிக்கலாம்: 200 லிட்டர் டிரம்மில் சாண எரிவாயு

புளியங்குடிச் சந்தையில் கழித்துப் போடும் அழுகல் எலுமிச்சை, பாளையங்கோட்டை ஜூஸ் கடைகளில் மிஞ்சும் சாத்துக்குடித் தோல், ஊறுகாய் போட்ட வீட்டுக் கழிவு: இவை எல்லாவற்றிலும் எரிவாயு இருக்கிறது. எடுக்கும் முறைதான் கொஞ்சம் பொறுமை கேட்கும்.

நான் முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். காஸ் நன்றாக வந்துகொண்டிருந்த சாண டிரம்மில் ஒரு வாளி பச்சைத் தோலை அப்படியே போட்டேன். ஒரே வாரத்தில் காஸ் நின்றுவிட்டது, உள்ளே புளித்த வாடை. தோலை வளைத்தால் கண்ணில் சுருக்கென்று தெறிக்குமே, அந்த எண்ணெய்தான் காரணம். அதில் பெரும்பங்கு லிமோனீன். அடுப்பில் எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களை அது முடக்கிவிடும். ஆனால் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் தாக்குப்பிடித்து வேலையைத் தொடரும். அந்த அமிலத்தைத் தின்ன ஆளில்லாததால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும்.

சரி, டிரம்மைத் தயார் செய்வோம். மூடியை இறுக்கிப் பூட்டும் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் போதும். மூடி வழியாக அடிவரை இறங்கும் 3 அங்குல பி.வி.சி. குழாய் தீனி போட. பக்கவாட்டில், முக்கால் உயரத்தில் கழிவு வெளியேறும் குழாய். அதன் உள்முனை எல்போ (வளைவுத் துண்டு) போட்டுக் கீழ்நோக்கிக் கரைசலில் முங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் காஸ் அதன் வழியே போய்விடும். மூடியில் அரை அங்குல வால்வு ஒன்று, அதிலிருந்து குழாய் வழியே, காஸ் சேர்ந்து நிற்க ஒரு பழைய லாரி ட்யூப். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

புதுச் சாணியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, வைக்கோலும் கல்லும் நீக்கி, 150 லிட்டர் நிரப்புங்கள். வெயில் படும் இடமாக வையுங்கள். முதலில் ட்யூபில் சேர்வதில் காற்றும் கரியமில வாயுவும் கலந்திருக்கும். அதைக் கொளுத்திப் பார்க்காமல் திறந்தவெளியில் விட்டுவிடுங்கள். நம்மூர் வெயிலில் மூன்று, நான்கு வாரத்தில் எரியும் காஸ் வந்துவிடும். அதுவரை தோல் பக்கமே போகவேண்டாம்.

அப்புறம் தோலைப் பக்குவப்படுத்த வேண்டும். சாற்றை ஒட்டப் பிழிந்துவிட்டு, விரல் நகம் அளவுக்கு நறுக்கி, மொட்டைமாடியில் நன்றாகக் காயவிடுங்கள். மழைக்காலமென்றால், வெளியே அடுப்பு வைத்து, மூடாத பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிடுங்கள். லிமோனீனின் கொதிநிலை 176 டிகிரி செல்சியஸ் என்றாலும் நீராவியோடு சேர்ந்து பெருமளவு போய்விடும். கமகமவென்று வாசம் வருகிறவரை எண்ணெய் இன்னும் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த தோலை ராத்திரி ஊறவைத்து மறுநாள் போடலாம்.

தினமும் 2 கிலோ சாணி, 2 லிட்டர் தண்ணீர். தோல் முதல் பத்து நாள் ஒரு கைப்பிடி மட்டும், காஸ் குறையவில்லையென்றால் இரண்டு கைப்பிடி. சாணியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தோலில் குறைவாக உள்ள தழைச்சத்தும், தொடர்ந்து வேண்டிய நுண்ணுயிர்களும் அதில்தான் வருகின்றன.

வாரம் ஒருமுறை, கரைசலின் புளிப்பைக் காட்டும் பி.எச். தாள் வைத்துப் பாருங்கள்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 6.8 முதல் 7.5 வரை நல்லது. 6.5-க்குக் கீழே போனால் தீனியை நிறுத்தி, ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சில நாள் விடுங்கள். குற்றாலச் சாரல் நாட்களில் காஸ் குறைந்தால் பதறவேண்டாம், அது குளிர்ச்சியால் வருவது.

சாணி ஒரு கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர் காஸ் தரும். ஆகவே இந்த டிரம்மில் ஒரு வேளைக் காப்பி போடலாம், சோறு வடிக்க முடியாது. ட்யூபுக்கும் அடுப்புக்கும் நடுவில், காஸ் தண்ணீருக்குள் குமிழியிட்டுப் போகும்படி ஒரு பாட்டில் கட்டாயம் வையுங்கள், தீ பின்னோக்கி ஓடாது. அடுப்பு சாண எரிவாயுவுக்கென்று விற்பதாக இருக்கட்டும். சமையல் காஸ் அடுப்பின் ஜெட் துளை இதற்குப் பத்தாது. ட்யூபின் வாயில் நேரடியாக ஒருபோதும் தீ வைக்கக் கூடாது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்தாலே வெடிக்கும். டிரம், ட்யூப் இரண்டும் வீட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

வெளியேறும் கரைசலோடு தண்ணீர் கலந்து எலுமிச்சை மரத்துக்கே ஊற்றுகிறேன். தண்டை ஒட்டி ஊற்றாமல், கிளை நிழல் விழும் வட்டத்தில் ஊற்ற வேண்டும்.