இளைத்த பச்சோந்திக்கு எடுத்ததும் ஊட்டாதீர்கள்

வளர்க்கும் பச்சோந்தி எலும்பும் தோலுமாகிவிட்டால் எதையாவது தின்ன வைத்துவிட வேண்டும் என்றுதான் மனம் பதறும். பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து, சாப்பாடே உயிருக்கு ஆபத்தாகலாம். முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், அதற்குப் பிறகுதான் சாப்பாடு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிர் இது. சூடு போதாவிட்டால் தின்றது செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும். வெயில்டு (veiled), பேந்தர் (panther) என்ற பச்சோந்தி வகைகளுக்கு வெயில் காயும் கிளையில் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். கைவைத்துப் பார்த்து முடிவுசெய்யாமல், அதன் முதுகு இருக்கும் உயரத்தில் தெர்மாமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். யுவிபி (UVB, ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) விளக்கு எரிகிறது என்பதாலேயே வேலை செய்கிறது என்றும் நினைக்க வேண்டாம், வெளிச்சம் அப்படியே இருக்க யுவிபி மட்டும் மாதங்கள் போகப்போகக் குறைந்துவிடும். கண்ணாடி வழியாக வரும் வெயிலும் இதற்கு ஈடாகாது. யுவிபி இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது, எலும்பும் தசையும் தளர்ந்து, கடைசியில் நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடிக்கவே முடியாமல் போகும். பார்ப்பவருக்கு அது 'பசியில்லை' என்பதுபோலத் தோன்றும்.

தண்ணீர் விஷயத்தில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறு, வாயைத் திறந்து சிரிஞ்சால் பீய்ச்சுவது. மூச்சுக்குழலின் வாய் நாக்கை ஒட்டியே இருப்பதால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியலாம். மேல் உதட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், தானாக நக்கிக்கொண்டால் அடுத்த சொட்டு. கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் அது கண்டுகொள்ளாது, இலையில் உருளும் துளியைத்தான் குடிக்கும். கண் குழிவிழுந்திருந்தாலோ, எச்சத்தோடு வரும் வெள்ளைப் பகுதி அடர் ஆரஞ்சாக இருந்தாலோ நீர் வற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சீக்கிரம் எடை ஏறட்டும் என்று மெழுகுப் புழுவாகவே கொடுக்காதீர்கள். கொழுப்புதான் அதிகம், கால்சியம் குறைவு, ருசி பழகிவிட்டால் வேறெதையும் தொடாது. அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டாத சிறிய சிள்வண்டு (கிரிக்கெட் பூச்சி), பட்டுப்புழு போதும். அந்தப் பூச்சிகளுக்கு முந்தின நாளே நல்ல கீரை, காய் போட்டு வளர்த்து, கால்சியம் பொடி தூவிக் கொடுங்கள். தின்னாமல் விட்ட சிள்வண்டுகளை இரவுக்குள் எடுத்துவிடுங்கள், தெம்பில்லாத பச்சோந்தியை அவை கடித்துவிடும்.

இளைப்பு ஒரு அறிகுறிதான். ஒட்டுண்ணி, வாய்ப்புண், சிறுநீரகக் கோளாறு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். எச்சத்தைப் பரிசோதிக்காமல் குடற்புழு மருந்தை நீங்களாகக் கொடுப்பது ஆபத்து, இளைத்த உடம்புக்கு அளவு சற்று மிஞ்சினாலும் தாங்காது. பெண் பச்சோந்தி என்றால் முட்டையா என்றும் பாருங்கள். ஆணைச் சேர்க்காமலே முட்டை உண்டாகும், முட்டையிட மண் இல்லாவிட்டால் உள்ளேயே தங்கிவிடும்.

எடையைக் கிராம் தராசில், காலையில், சாப்பாட்டுக்கு முன் பாருங்கள். தினமும் பார்த்துக் கலங்க வேண்டாம், ஒரு வாய் தண்ணீரும் ஒரு எச்சமும் கணக்கை மாற்றிவிடும். அடிக்கடி கையில் எடுப்பதும் அதற்குத் தாங்காத அழுத்தம். ஆனால் பகலில் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தால், கிளையைப் பிடிக்கத் தடுமாறினால், அன்றைக்கே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.