நொடிக்கு ஒரு க்ளிக்: சிண்ட்ரெல்லா கோட்டையைப் போனில் படம் பிடிப்பது எப்படி?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு 2019-இல் வந்தவர்கள் ஏறக்குறைய 2 கோடியே 9 லட்சம் பேர் என்கிறது மதிப்பீடு. நாளுக்குச் சராசரியாக 57,000 பேர். ஆளுக்கு ஒரே ஒரு முறை அங்கிருக்கும் சிண்ட்ரெல்லா கோட்டையைப் படம் எடுத்தார்கள், பூங்கா 14 மணி நேரம் திறந்திருந்தது என்று வைத்துக்கொண்டாலும் நொடிக்கு ஒன்றுக்கு மேல் வருகிறது. ஒன்றோடு நிறுத்துகிறவர் யார்? நான் போன அன்று மதியத்துக்குள் நாற்பதைத் தாண்டிவிட்டேன். அதில் பாதியில் கோட்டையைவிட முன்னால் நின்றவர் மாட்டியிருந்த மிக்கி காதுதான் பெரிதாகத் தெரிந்தது.

நான் செய்த தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன். பெரிய கேமரா எதுவும் வேண்டாம். போன் போதும்.

படி 1: பார்த்த உடனே எடுக்காதீர்கள்

வாசலைத் தாண்டி, ரயில் நிலையத்தின் அடியில் புகுந்து வெளியே வந்தால் மெயின் ஸ்ட்ரீட். நேரான தெரு, அதன் கடைசியில் 189 அடி உயரக் கோட்டை. இப்படித் தூரத்திலிருந்தே ஆளை இழுக்கும் கட்டடங்களுக்கு வால்ட் டிஸ்னி ‘வீனி’ என்று பெயர் வைத்திருந்தார். நாய்க்கு ஆசை காட்டி நடக்க வைக்கும் சாசேஜ்தான் வீனி. இதில் நாய் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இழுப்பு உண்மையிலேயே வேலை செய்கிறது. கோட்டை கண்ணில் பட்ட அதே இடத்தில், நடுத்தெருவில், எல்லோரும் நின்று போனைத் தூக்குகிறார்கள். நீங்கள் அப்படியே திரும்பி ரயில் நிலையத்தின் மாடிக்கு ஏறுங்கள். அங்கிருந்து தெரு முழுவதும் கீழே விரிய, எல்லார் தலைக்கும் மேலே கோட்டை தனியாக நிற்கும். ஒன்று எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

படி 2: நெருங்காதீர்கள், பின்னால் போங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

புதிதாக எடுப்பவர்கள் கோட்டைக்குப் பக்கத்தில் போய், வீட்டாரை நிறுத்தி, எல்லாம் அடங்க வேண்டும் என்று அகலக் கோண லென்ஸுக்கு மாற்றுகிறார்கள். வீட்டார் பூதம் மாதிரியும், கோட்டை கேக்கின் மேல் வைத்த பொம்மை மாதிரியும் வரும். அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். மெயின் ஸ்ட்ரீட்டின் நடுப்பகுதியில் வீட்டாரை நிறுத்துங்கள். நீங்கள் பத்துப் பதினைந்து அடி பின்னால் போய் 2 மடங்கோ 3 மடங்கோ ஜூம் செய்யுங்கள். ஆட்கள் அதே அளவில் இருப்பார்கள், கோட்டை மட்டும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்து வந்தது போலத் தெரியும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கோட்டையில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. எஃகுச் சட்டம், கான்கிரீட் சுவர், மேலே கண்ணாடி இழை. மேலே போகப் போகக் கல் போன்ற வடிவங்களையும் ஜன்னல்களையும் வேண்டுமென்றே சிறிதாக்கியிருக்கிறார்கள். சிறியது தூரத்தில் இருக்கும் என்று நம் கண் நினைத்துக்கொள்வதால், கோட்டை இருப்பதைவிட உயரமாகத் தோன்றுகிறது. நீங்கள் அடியில் நின்று போனை அண்ணாந்து பிடித்தால், லென்ஸும் தன் பங்குக்கு உச்சியைச் சுருக்கும். கோபுரம் ஊசி மாதிரி ஆகிவிடும். கட்டியவர்கள் ஏற்கெனவே செய்து வைத்த வித்தையை நாம் மறுபடி செய்ய வேண்டியதில்லை.

படி 3: வெயில் எந்தப் பக்கம்?

கோட்டை தெற்குப் பார்த்தது. ஆகவே நீங்கள் வடக்கே பார்த்து எடுக்கிறீர்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் பெரும்பாலான நேரம் உங்கள் முதுகுப் பக்கமே இருக்கும், கவலை இல்லை. ஜூன், ஜூலை மதியம் உச்சி வெயில். தொப்பி நிழலில் முகமே தெரியாது. அந்த மாதங்களில் மாலையில் சூரியன் வடமேற்கே சாய்வதால் கோட்டையின் முன்பக்கம் நிழலில் போய்விடும். காலையிலும் சூரியன் வடகிழக்கே இருப்பதால் அதே கதைதான்.

ஃப்ளோரிடாவில் கோடைப் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். எல்லோரும் கடைகளுக்குள் ஓடுவார்கள். மழை விட்டதும் முதல் ஆளாக வெளியே வாருங்கள். தேங்கிய தண்ணீரின் அருகே போனைத் தலைகீழாக, லென்ஸ் தரையை ஒட்டி இருக்கும்படி பிடித்தால் இரண்டு கோட்டை கிடைக்கும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. 1996-இல் பூங்காவின் 25-வது ஆண்டுக்காகக் கோட்டையைப் பிறந்தநாள் கேக் போல ரோஜா நிறத்தில் மாற்றினார்கள். 2020-இல் மறுபடி இளஞ்சிவப்புப் பூச்சும் தங்க நிறக் கோடுகளும் வந்தன. யாராவது பழைய ஆல்பத்தைக் காட்டினால் கோட்டையின் நிறத்தை வைத்தே ஆண்டை ஓரளவு சொல்லிவிடலாம்.

படி 4: கூட்டத்தை எப்படி மறைப்பது

கூட்டமே இல்லாத நேரம் வரும் என்று காத்திருக்காதீர்கள். வராது. ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, போனை இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். பின்னால் நிற்பவர்களை உங்கள் வீட்டாரே மறைத்துவிடுவார்கள்.

கோட்டைக்கு முன்னால் வால்ட் டிஸ்னியும் மிக்கியும் கைகோத்து நிற்கும் சிலை உண்டு. நெரிசல் அங்கேதான் அதிகம். ஒரு காலத்தில் எங்கே நின்று எடுக்க வேண்டும் என்று கோடாக் நிறுவனமே பூங்காவுக்குள் பலகை நட்டு வைத்திருந்தது. 2012-இல் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. நம் கால்கள் மட்டும் இன்னும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. வலது பக்கம் பூங்காவின் டுமாரோலேண்ட் பகுதிக்குப் போகும் பாலத்துக்கு நகர்ந்தால் அகழித் தண்ணீரோடு கோட்டை பக்கவாட்டில் தெரியும். எனக்குப் பிடித்த கோணம் அதுதான்.

பூங்காவில் வேலை செய்யும் புகைப்படக்காரர்கள் நிற்பார்கள். பணிவாகக் கேட்டால் உங்கள் போனிலும் ஒன்று எடுத்துத் தருவார்கள். செல்ஃபி ஸ்டிக்கைக் கொண்டு போகாதீர்கள், 2015 முதல் தடை.

படி 5: உள்ளே ஒரு நிமிடம்

கோட்டையின் நடுவே ஒரு வழி போகிறது (சில நேரம் அடைத்திருப்பார்கள்). அதன் சுவரில் சிண்ட்ரெல்லா கதையைச் சொல்லும் 5 மொசைக் ஓவியங்கள். வரைந்தவர் டொரோத்தியா ரெட்மண்ட். கண்ணாடித் துண்டுகளைப் பதித்தவர் ஹான்ஸ் ஷார்ஃப். இரண்டாம் உலகப்போரில் பிடிபட்ட அமெரிக்க விமானிகளை, அடி உதை இல்லாமல் பேச்சாலேயே விசாரித்து விஷயம் கறந்த ஜெர்மானியர் அவர்தான். வெளியே நொடிக்கு ஒரு படம் எடுப்பவர்கள் இதை விறுவிறுவென்று கடந்து போகிறார்கள். சுவருக்கு நேராக நிற்காமல் சற்றுச் சாய்வாக நின்று எடுங்கள், கண்ணாடி மின்னுவது தெரியும்.

படி 6: இரவு

சூரியன் மறைந்த பிறகு வானம் கருநீலமாக இருக்கும் இருபது நிமிடம்தான் நல்ல நேரம். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், அதன் வெளிச்சம் சில அடிகளைத் தாண்டாது. திரையில் கோட்டையைத் தொட்டு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். போனை ஒரு விளக்குக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்தால் ஆடாது.

அப்புறம் வாணவேடிக்கை. முதல் இரண்டு வெடிக்குக் கோட்டையை எடுங்கள், சரி. மூன்றாவதற்குக் கோட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். தெரு முழுவதும் தூக்கிய கைகள், மேலே பார்த்தபடி சிவப்பும் பச்சையுமாக மாறும் முகங்கள், அப்பா தோளில் உட்கார்ந்து வாயைப் பிளந்திருக்கும் பிள்ளைகள். ஒரு கையைத் தட்டிவிடாமல் குறுக்கே எட்டிப் பார்த்தால், முன்வரிசைக்காரர் செல்ஃபிக்காகத் திருப்பிப் பிடித்த போனிலும் தம்மாத்துண்டு கோட்டை ஒன்று மின்னிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஃபோகஸ் வையுங்கள்.