சீன டிராகன் உருவத்தைப் படித்தறிவது எப்படி?

பீங்கான் சாடியிலோ பட்டு அங்கியிலோ சீன டிராகனைக் கண்டால், முதலில் அதன் கால் நகங்களை எண்ணுங்கள். மிங் (1368–1644), சிங் (1644–1912) வம்ச காலங்களில் ஐந்து நகமுள்ள டிராகன் பேரரசருக்கும் அவருக்கு மிக நெருங்கியோருக்கும் உரியதாகவும், நான்கு நகமுள்ளது அவர்களுக்கு அடுத்த நிலையினருக்கு உரியதாகவும் கொள்ளப்பட்டன. எனினும் இவ்விதி எப்போதும் ஒரே கண்டிப்புடன் காக்கப்படவில்லை. ஆகவே நகங்களை மட்டும் வைத்து அரசவைப் பொருள் என்று முடிவுகட்ட வேண்டாம்.

அடுத்து உடலை உறுப்பு உறுப்பாகப் பாருங்கள். மான் கொம்பு, ஒட்டகத் தலை, பாம்புக் கழுத்து, கெண்டைமீன் செதில், கழுகு நகம், புலிப் பாதம், மாட்டுக் காது முதலான ஒன்பது ஒப்புமைகளை மரபு சொல்கிறது. ஒற்றை இலக்க எண்களில் பெரியதான ஒன்பது, 'யாங்' எனும் ஒளிசார் ஆண்மை ஆற்றலின் உச்சமாகக் கருதப்படுவதால், செதில்களையும் 81 (9×9) என்பார்கள். பெய்ஜிங் அரண்மனையில், 29.4 மீட்டர் நீளமும் 270 மெருகூட்டிய ஓடுகளும் கொண்ட சுவரில் ஒன்பது டிராகன்கள் இருப்பதும் தற்செயலன்று. அங்கே கிழக்கிலிருந்து மூன்றாவதாக உள்ள வெள்ளை டிராகனின் வயிற்றை உற்றுநோக்குங்கள்: அப்பகுதி மரத்தாலானது. ஓடு உடைந்துபோகவே, தச்சர் ஒருவர் மரத்தைச் செதுக்கி வெள்ளை பூசி அதிகாரிகளை ஏமாற்றினார் என்பது கதை.

பிறகு பின்னணியைக் கவனியுங்கள். பெரும்பாலும் மேகமோ அலையோ இருக்கும். ஏனெனில், ஐரோப்பியக் கதைகளின் நெருப்புக் கக்கும் விலங்கைப் போலன்றி, இது மழைக்கு அதிபதி. இளவேனிலில் வானேறி இலையுதிர் காலத்தில் ஆழ்நீருக்குள் இறங்கும் என்பது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஹான் வம்ச காலத்திலேயே எழுதிவைக்கப்பட்ட நம்பிக்கை. வேண்டுதலுக்கும் மழை இரங்காவிட்டால், வறட்சியின் கொடுமை அவருக்கும் உறைக்கட்டும் என்று, மழைத் தெய்வமான டிராகன் அரசரின் சிலையைக் கோயிலிலிருந்து தூக்கிவந்து வெயிலில் வைக்கும் வழக்கமும் சிற்றூர்களில் இருந்தது. பேரரசர் இவ்வுருவைத் தனதாக்கிக் கொண்டதில் வியப்பில்லை: மழையும் விளைச்சலும் பொய்த்தால், பழி அவர் ஆட்சியின் மீதே விழுந்தது.

மிகப் பழைய பொருள்களிடம் நகக் கணக்கு செல்லாது. ஹெனான் மாகாணத்தின் புயாங்கில் 1987இல் வெளிப்பட்ட, ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கல்லறையில், சடலத்தின் ஒருபுறம் டிராகனும் மறுபுறம் புலியும் கிளிஞ்சல்களால் அடுக்கப்பட்டிருந்தன. உள்மங்கோலியாவில் 1971இல் கிடைத்த புதிய கற்கால ஹோங்ஷான் பண்பாட்டுப் பச்சைக்கல் டிராகன் 26 செ.மீ. உயரமே உடையது, அதற்குக் காலும் கொம்பும் கிடையா. அத்தகையவற்றில் நீண்ட மூக்கையும், கழுத்தின் பின்னே பறக்கும் பிடரியையும், வளைந்த உடலையும் தேடுங்கள்.