லூசியானா சதுப்பில் வாத்து வேட்டைக்கு நிலம் குத்தகைக்குப் பிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கும் லஃபயெட்டுக்கு வந்த பிறகு மூன்று குத்தகை எடுத்திருக்கிறேன். முதலாவது தண்டம். இரண்டாவது பாதித் தண்டம். மூன்றாவது இன்னும் கையில் இருக்கிறது. அந்த இரண்டிலும் விட்ட காசுக்குக் கற்றதை எழுதிவைக்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் இதெல்லாம் குற்றம். இங்கே உரிமம், கணக்கு, சீசன் என்று வரம்புக்குள் நடக்கிறது. வேட்டைப் பயிற்சிச் சான்று, மாநில உரிமம், 25 டாலர் ஃபெடரல் டக் ஸ்டாம்ப் (வாத்து வேட்டைக்கு வாங்கவேண்டிய மத்திய அரசு முத்திரை), ஈயமில்லாத தோட்டா எல்லாம் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொண்டே மேலே போகிறேன்.

1. பிப்ரவரியில் தேடுங்கள்

பெரிய வாத்து சீசன் ஜனவரிக் கடைசியில் முடியும். அதற்குப் பிறகுதான் கூட்டாளிகளுக்குள் சண்டை வரும், யாராவது விலகுவார்கள், குத்தகை காலியாகும். ஆகஸ்டில் தேடினால் மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளியதுதான் மிஞ்சும். நான் முதல் தடவை தேடியது ஆகஸ்டில்.

2. யாரிடம் கேட்பது

பெரிய நிலக் கம்பெனிகளிடம் ஆயிரக்கணக்கான ஏக்கர் சதுப்பு இருக்கிறது. ஆனால் பழைய குத்தகைதாரருக்குத்தான் முன்னுரிமை. பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

அடுத்தது குடும்பச் சொத்து. நம்மூர்ப் பங்காளிச் சொத்தேதான். தாத்தா பெயரில் இருந்த சதுப்பு பதினைந்து பேரன் பேத்திகளுக்குப் பிரிக்காமல் கிடக்கும். ஒருவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார், நவம்பரில் இன்னொருவர் படகில் வந்து “நீங்கள் யார்?” என்பார். மற்றவர்கள் சார்பில் கையெழுத்துப் போட அவருக்கு எழுத்தில் அதிகாரம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, பதினாறாம் செக்ஷன். அமெரிக்காவில் நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் 36 செக்ஷனாகப் பிரித்தார்கள். ஒரு செக்ஷன் 640 ஏக்கர். அதில் பதினாறாவதைப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கும் பழக்கம் 1785-இல் தொடங்கியது. ஆகவே லூசியானாவில் பள்ளி வாரியங்களுக்குச் சதுப்பிலும் நிலம் உண்டு. வேட்டைக் குத்தகைக்கு ஏலம் விட்டு, சீல் வைத்த உறையில் விலை கேட்பார்கள். அறிவிப்பு அந்தப் பாரிஷின் (மாவட்டத்துக்கு இங்கே அந்தப் பெயர்) அதிகாரபூர்வ செய்தித்தாளில், பொடி எழுத்தில் வரும். வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டு, “பதினாறாம் செக்ஷன் நிலங்களை யார் பார்க்கிறார்கள், எந்தக் குத்தகை எப்போது முடிகிறது?” என்று கேட்டால் போதும். இங்கே யாருடைய மாமா யாருக்குத் தெரியும் என்பது எடுபடாது. நம்மைப் போன்ற வெளியாட்களுக்கு அதுதான் வசதி.

3. வரைபடம்

நில எல்லைகளைக் காட்டும் ஆன்எக்ஸ் (onX) செயலி வேகமாகப் பார்க்க நல்லது. ஆனால் அதிலுள்ள கோடு சர்வே கோடு அல்ல. பாரிஷ் அசெஸர் (சொத்து வரி மதிப்பீட்டாளர்) தளத்தில் பார்த்துவிட்டு, கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் பத்திரத்தைத் தேடுங்கள். வெர்மிலியன் பாரிஷ் என்றால் ஆபிவில் ஊருக்குப் போகவேண்டும்.

பத்திரத்தில் 160 ஏக்கர் என்று இருக்கும், அங்கே போய்ப் பார்த்தால் பாதி திறந்த நீராக இருக்கும். 1932-க்கும் 2016-க்கும் இடையில் லூசியானாக் கரையோரம் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் நிலம் போய்விட்டது, அதாவது இருந்ததில் கால்வாசி. அப்படி நீராகிவிட்ட இடத்தின் அடிநிலம் தன்னுடையது என்று மாநிலமும் சொல்லும், பழைய சொந்தக்காரரும் சொல்வார். மாநிலம் உரிமை கோரும் தண்ணீரில் அடுத்தவர் வந்து வேட்டையாடினால் ‘இது என் இடம்’ என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியாது. அந்த ஏக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

4. வழி (நான் விழுந்த இடம்)

இதை நிதானமாகப் படியுங்கள்.

முதல் குத்தகையில் நிலம் அருமை, குளம் அருமை. படகுத் துறையிலிருந்து ஒரு நேரான கால்வாய் குளம் வரை போனது. கடல் ஏறினால் அதில் தண்ணீர் ஏறும், இறங்கினால் இறங்கும். வேலி இல்லை, பலகை இல்லை. தண்ணீர் ஓடுகிறதே, பொது வழிதானே என்று நினைத்தேன். சீசன் தொடங்கி இரண்டாவது சனிக்கிழமை, விடிவதற்கு முன்னால், எதிரே ஒரு படகு வந்தது. அதில் இருந்த பெரியவர் கோபப்படவே இல்லை. “தம்பி, இந்தக் கால்வாய் என்னுடையது, திரும்பிப் போங்கள்” என்றார். அவ்வளவுதான்.

லூசியானாவில் தனியார் நிலத்தில் தனியார் காசில் வெட்டிய கால்வாய், அலை ஏறி இறங்கினாலும் தனியாருடையதே. எண்ணெய்க் கிணற்றுக்காக வெட்டியவை பல. பலகை இல்லை என்பது அனுமதி ஆகாது. என் குளத்துக்கு வேறு வழியும் கிடையாது. மீதி சீசன் முழுக்க அந்தக் குளத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனவே கையெழுத்துக்கு முன் படகுத் துறையிலிருந்து குளம் வரை ஒவ்வொரு திருப்பத்தையும் வரைபடத்தில் குறியுங்கள். ஒவ்வொரு துண்டும் யாருடையது என்று எழுதுங்கள். இன்னொருவர் நிலம் குறுக்கே வந்தால் அவருடைய அனுமதியைத் தாளில் வாங்குங்கள். அந்தப் படத்தைக் குத்தகைப் பத்திரத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.

5. தண்ணீர்

இரண்டாவது குத்தகையில் வழி இருந்தது, தண்ணீர்தான் இல்லை. குளிர்காலத்தில் வடக்குக் காற்று பலமாக அடித்தால் சதுப்புத் தண்ணீரை அப்படியே மெக்சிகோ வளைகுடாவுக்குத் தள்ளிவிடும். வாத்து வருவதும் அந்தக் காற்றோடுதான். ஆக, பறவை வந்த நாளில் நான் சேற்றில் படகைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இதற்கு ஓர் இலவச மருந்து இருக்கிறது. கடற்கரையோரம் ஏறத்தாழ 390 இடங்களில் சிஆர்எம்எஸ் என்ற கண்காணிப்பு நிலையங்கள் மணிக்கு மணி நீர்மட்டத்தையும் உப்பையும் பதிகின்றன. உங்கள் நிலத்துக்கு அருகிலுள்ள நிலையத்தைப் பிடித்து, கடந்த மூன்று வருஷத்து நவம்பர் முதல் ஜனவரி வரை நீர்மட்டக் கோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். சதுப்புத் தரையின் உயரமும் அங்கேயே இருக்கும். கோடு எத்தனை நாள் அதற்குக் கீழே கிடக்கிறது என்று எண்ணுங்கள். எந்தக் கட்டணச் செயலியும் இதற்கு ஈடில்லை.

கரைகட்டி மதகு வைத்த நிலம் என்றால் தண்ணீர் நிற்கும். அங்கே கேட்கவேண்டியது ஒன்றுதான்: மதகுச் சாவி யாரிடம்?

6. பத்திரம்

பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள், பெரும்பாலும் பத்து லட்சம் டாலருக்கு. எண்ணெய், எரிவாயு உரிமை உங்களுக்கு வராது. சீசன் நடுவில் குழாய் வேலைக்காரர்கள் வரலாம். முதலை பிடிக்கும் உரிமையையும் சொந்தக்காரரே வைத்துக்கொள்வார். எத்தனை துப்பாக்கி, விருந்தாளி உண்டா, உள்குத்தகை விடலாமா என்பவை எழுத்தில் இருக்கட்டும். பழைய குத்தகைதாரர் வாத்தை இழுக்கச் சோளம் கொட்டினாரா என்றும் விசாரியுங்கள். தீனி முழுதும் அகன்று பத்து நாள் ஆகும்வரை அங்கே சுடக்கூடாது, இது ஃபெடரல் சட்டம்.

பின்சேர்க்கை 1: விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் எழுத மறந்த முக்கியமான விஷயம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க ஃபெடரல் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. உரிமம் காலாவதியான அடுத்த நாளே விலக்கும் போய்விடும். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே துப்பாக்கிக் கடைக்குப் போங்கள்.

பின்சேர்க்கை 2: “படகு இல்லை அண்ணா, என்ன செய்ய?” என்று இன்னொருவர். அப்படியென்றால் சதுப்பே வேண்டாம். கெய்டன் ஊர்ப் பக்கம் நெல்வயல்களும் கிராஃபிஷ் (நன்னீர் இறால் மாதிரி) வயல்களும் இருக்கின்றன. வரப்பில் நடந்தே போகலாம், தண்ணீரை விவசாயியே பாய்ச்சுவார். கிராஃபிஷ் கூடை தூக்க அவர் எத்தனை மணிக்கு வயலுக்கு வருவார் என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.