கேட்டகால் வளையத்தை உடைக்கும் நொதியை அளப்பது எப்படி?

மரத்துக்கு உறுதி தரும் லிக்னினில் எங்கு பார்த்தாலும் பென்சீன் வளையம். அது சிதையும்போது வரும் சேர்மங்கள் பலவற்றை மண் பாக்டீரியாக்கள் கேட்டகாலாக, அதாவது அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் உள்ள பென்சீன் வளையமாக, மாற்றிக்கொள்கின்றன. அந்த வளையத்தைத் திறப்பதுதான் கேட்டகால் 1,2-டைஆக்சிஜனேஸ் என்ற நொதியின் வேலை. ஆக்சிஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் கேட்டகாலில் சேர்த்து மியூக்கானிக் அமிலமாக்கிவிடும். ஜப்பானிய உயிர்வேதியியலாளர் ஒசாமு ஹயாய்ஷியின் குழு ஆக்சிஜன்-18 என்ற கனமான ஐசோடோப்பை வைத்து 1955இல் இதைக் காட்டியது.

முதலில், சூடோமோனாஸ் புடிடா என்ற மண் பாக்டீரியாவை பென்சோயேட் மட்டுமே கார்பன் மூலமாக உள்ள ஊடகத்தில் வளருங்கள். குளுக்கோஸ் கொடுத்தால் இந்த நொதி பெரிதாக உருவாகாது. செல்களைக் கழுவி, பனிக்கட்டியில் வைத்தே சோனிக்கேட்டரால் (மீயொலிக் கருவி) உடைத்து, சென்ட்ரிபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் தெளிந்த சாற்றை எடுங்கள்.

அடுத்து 10 மில்லிமோலார் கேட்டகால் கரைசல். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே கரையுங்கள், காற்றுப் பட்டால் பழுப்பேறிவிடும். நச்சுப் பொருள், கையுறை கட்டாயம்.

மியூக்கானிக் அமிலம் 260 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும், அது உருவாகும் வேகத்தை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அந்த உறிஞ்சுகை ஏறுவதை வைத்தே அளக்கிறோம். குவார்ட்ஸ் குவெட்டில் (அளவிடும் சிறு கலம்) 7.5 பிஎச் பாஸ்பேட் பஃபர் 970 மைக்ரோலிட்டர், சாறு 20 மைக்ரோலிட்டர். சாதாரணக் கண்ணாடி 260 நானோமீட்டர் ஒளியை விழுங்கிவிடும் என்பதால்தான் குவார்ட்ஸ். கருவியை 260இல் பூஜ்ஜியமாக்கி, கேட்டகால் 10 மைக்ரோலிட்டர் விட்டு, கலக்கி, உடனே பதிவைத் தொடங்குங்கள். சட்டென்று ஒரு சின்ன ஏற்றம் தெரியும், அது கேட்டகாலுடையது. அதற்குப் பின் நேராக ஏறும் கோடுதான் நமக்கு வேண்டியது.

இங்கே பலரும் கவனிக்காமல் விடுவது ஆக்சிஜனை. அதுவும் ஒரு வினைபொருள், கேட்டகாலுக்கு ஒன்றுக்கு ஒன்று செலவாகும். காற்றோடு சமநிலையில் உள்ள நீரில், 25 டிகிரியில், சுமார் 0.25 மில்லிமோலார்தான் கரைந்திருக்கும். குவெட்டில் கேட்டகால் 0.1 மில்லிமோலார்தான் என்பதால் கவலையில்லை. வேகம் கூடட்டும் என்று 1 மில்லிமோலார் போட்டால் ஆக்சிஜன் முதலில் தீர்ந்து கோடு படுத்துவிடும். நொதி செத்துவிட்டது என்று சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். கொதிக்க வைத்து மூடிய பஃபரிலும் ஆக்சிஜன் வெளியேறியிருக்கும், அதுவும் இதே வம்பைத் தரும்.

சரி, கணக்கு. மியூக்கானிக் அமிலத்தின் மோலார் உறிஞ்சுகை 16,800. நிமிடத்துக்கு 0.168 ஏறினால் 10 மைக்ரோமோலார். 1 மில்லிலிட்டரில் அது 0.01 யூனிட் (ஒரு யூனிட் என்பது நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல்). 20 மைக்ரோலிட்டர் சாற்றில் இருந்து வந்ததால், ஒரு மில்லிலிட்டர் சாற்றுக்கு 0.5 யூனிட்.

கொதிக்க வைத்த சாற்றோடும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், கோடு ஏறக் கூடாது. குவெட் மஞ்சளானால், அதே வளையத்தை வேறு இடத்தில் உடைத்து மஞ்சள் பொருளைத் தரும் கேட்டகால் 2,3-டைஆக்சிஜனேஸும் கூட இருக்கிறது. அளப்பதற்கு முன் சாற்றில் துளி ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் அந்த 2,3 நொதி மட்டும் முடங்கிவிடும்.