மெட்ரோ வரும் தெருவில் எளியவர்களின் வீடு தப்ப: நிலம் தேடிப் பட்டியல் போடுவது எப்படி?

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மூன்று வழித்தடங்கள், சுமார் 118.9 கிலோமீட்டர். மாதவரம் பால்பண்ணையில் இருந்து சிறுசேரி சிப்காட் வரை ஒன்று, கலங்கரை விளக்கத்தில் இருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை ஒன்று, மாதவரத்தில் இருந்து சோழிங்கநல்லூர் வரை ஒன்று (மெட்ரோவின் கணக்கில் இது 5ஆவது வழித்தடம்). ரயில் ஓடுவதற்கு ரொம்ப முன்னாடியே, தூண் எழும்பும்போதே நில விலையும் வாடகையும் ஏற ஆரம்பித்துவிடும். ஆக, நிலையத்தைச் சுற்றி எந்த நிலம் யாருடையது, எந்த வீடுகளில் குறைந்த வருமானக்காரர்கள் இருக்கிறார்கள் என்ற பட்டியல் நிலையம் திறப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். திறந்த பிறகு போடும் பட்டியல், யார் யார் காலி செய்துகொண்டு போனார்கள் என்ற கணக்காகத்தான் இருக்கும்.

குடியிருப்போர் சங்கம், கல்லூரி மாணவர்கள், பகுதியில் வேலை செய்யும் சிறு அமைப்பு என யாரும் இதைச் செய்யலாம். ஒரு லேப்டாப், ஒரு எக்செல் தாள், நடக்கத் தயாரான நாலு பேர் போதும். முழு வழித்தடத்தையும் எடுக்காதீர்கள், ஒரே ஒரு நிலையத்தில் ஆரம்பியுங்கள்.

படி 1: வட்டம் போடுங்கள்

கூகுள் மை மேப்ஸ் போதும், தெரிந்தவர்கள் க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளைப் பயன்படுத்தலாம். போக்குவரத்தை ஒட்டிய வளர்ச்சிக்காக ஒன்றிய அரசு 2017இல் வெளியிட்ட தேசியக் கொள்கை, நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை தாக்கப் பகுதி என்கிறது. 800 மீட்டருக்கே வட்டம் போடுங்கள். அப்புறம் நடந்தும் பாருங்கள், ஏனென்றால் ஓஎம்ஆர் மாதிரி சாலையைக் கடக்க அரை கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தால் வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் இடம் நிஜத்தில் தூரம்தான்.

படி 2: நிலம் யாருடையது?

வேலையில் பாதி இதுதான், அவசரப்படாதீர்கள். தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையாளரும் இருக்கும் கிராமக் கணக்கு), புலப்படம் (மனையின் அளவு வரைபடம்) எல்லாம் பார்க்கலாம். புறம்போக்கு நிலமா என்று சரிபார்க்கவும் அதிலேயே வழி உண்டு. பழைய நகரப் பகுதிக்குள் என்றால் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் வைத்து நகர நில அளவைப் பதிவேட்டில் தேட வேண்டும். சர்வே எண்ணே தெரியவில்லையா? சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இரண்டாவது முழுமைத் திட்ட நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் கிராம வாரியாக எண்கள் இருக்கின்றன. இன்னொரு வழியும் உண்டு. இந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுக்கும் ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி (ஏஐஐபி) ஆகியவற்றின் தளங்களில் மறுகுடியமர்வு அறிக்கைகள் கிடைக்கும். எந்த இடம் எடுக்கப்படுகிறது, யாருக்குப் பாதிப்பு என்று அவற்றில் படிக்கலாம். பலரும் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

எக்செல்லில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வரி. உரிமையாளர் என்ற இடத்தில் வருவாய்த்துறை, மாநகராட்சி, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், வீட்டு வசதி வாரியம், ரயில்வே, கோயில், தனியார் என்று பிரித்து எழுதுங்கள். 'அரசு நிலம்' என்று மொத்தமாக எழுதினால் பின்னால் யாரிடம் மனு கொடுப்பது என்றே தெரியாது.

புறம்போக்கு என்றதும் வீடு கட்டலாம் என்று குதித்துவிடக் கூடாது. ஏரி, குளம், வாய்க்கால் என வகைப்படுத்தியிருந்தால் அந்த வரியைச் சிவப்பாக்கி ஒதுக்குங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் இது ரொம்ப முக்கியம், அங்கே எளியவர்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒவ்வொரு மழைக்கும் படகு அனுப்புவது வீட்டுவசதி ஆகாது. கோயில் நிலத்துக்குத் தனி நிறம். மயிலாப்பூர் பக்கம் கோயில் மனையில் தலைமுறைகளாக வாடகைதாரர்கள் இருக்கிறார்கள், அங்கே பேச வேண்டியது அறநிலையத்துறையிடம்.

படி 3: வீடுகளைக் கண்டுபிடியுங்கள்

மூன்று வகை இருக்கும்.

முதலாவது, சென்னையில் எல்லோரும் ஹவுசிங் போர்டு என்று சொல்லும், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகள். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியது, 2021இல்தான் பெயர் மாறியது. பிளாக் எண், கட்டிய ஆண்டு, குடும்பங்களிடம் ஒதுக்கீட்டு ஆணை இருக்கிறதா, கிரயப் பத்திரம் ஆகிவிட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நகரத்துக்குள் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை அங்கே கொண்டுபோய் வைத்தபோது அது ஒதுக்குப்புறம். இப்போது 5ஆவது வழித்தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் சோழிங்கநல்லூர் போகிறது. வேலைக்குப் போகப் பல மணி நேரம் பேருந்தில் செலவழித்தவர்களுக்கு ரயில் வரும் நேரத்தில், அந்த வீடு அவர்கள் கையிலேயே இருக்குமா என்பதுதான் கேள்வி. காகிதம் சரியாக இல்லாத வீடுதான் வெற்றுப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துச் சுலபமாகக் கைமாறும்.

இரண்டாவது, குடிசைப் பகுதிகள். 1971ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்திருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். 1985க்குப் பிறகு சென்னையில் அறிவிப்பு என்பதே ஏறக்குறைய நின்றுபோனது, அதனால் நிறைய இடங்கள் பட்டியலில் இருக்காது.

மூன்றாவது, தனியார் இடத்தில் இருக்கும் மலிவு வாடகை வீடுகள். சாலிகிராமம், வளசரவாக்கம், போரூர் பக்கம் உள்ளே நடந்தால் ஒரே காம்பவுண்டில் எட்டு பத்துப் போர்ஷன் இருக்கும். இவை எந்த அரசுப் பட்டியலிலும் கிடையாது, முதலில் இடிபடுவதும் இவைதான். கணக்கெடுக்க ஒரு சுலப வழி, வாசலில் இருக்கும் ஈபி மீட்டர்களை எண்ணுங்கள், எத்தனை குடித்தனம் என்று ஓரளவு தெரிந்துவிடும். வாடகை, அட்வான்ஸ், எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர், போன் நம்பர் வேண்டாம். அந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

படி 4: எது முதலில் போகும்?

இதற்கு எஃப்எஸ்ஐ கொஞ்சம் புரிய வேண்டும். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் அது. 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு 2. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி கட்டலாம். 18 மீட்டருக்கு மேல் அகலமான சாலையில் பணம் கட்டிப் பிரீமியமாக இன்னும் 50 விழுக்காடு வாங்கினால் 7,200. அங்கே இப்போது 2,000 சதுர அடியில் ஓட்டு வீடும் நாலு போர்ஷனும் இருந்தால், உரிமையாளருக்கு இடிப்பதுதான் லாபம். ஆக ஒவ்வொரு தனியார் வரியிலும் 'கட்டியிருப்பது', 'கட்டக்கூடியது' என்று இரண்டு எண் போடுங்கள். வித்தியாசம் பெரியது, கட்டடம் பழையது, நிலையம் பக்கம் என்று மூன்றும் சேர்ந்த வரிகளை மேலே கொண்டுவாருங்கள்.

படி 5: ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோரிக்கை

காலி அரசு நிலம் என்றால், ஏலம் விடாமல் வாடகை வீட்டுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். என் பார்வையில் பட்டியலிலேயே பெரிய சொத்து இதுதான், விலை ஏறிய பிறகு எந்த அரசும் நிலையத்துக்குப் பக்கத்தில் மனை வாங்கி ஏழைகளுக்குக் கட்டப்போவதில்லை. பழைய வாரியக் கட்டடம் என்றால், இடிக்கும் முன் அதே இடம், அதே குடும்பங்கள் என்று எழுத்தில் வாங்க வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பி யாரும் சாவியைக் கொடுக்க வேண்டாம். அறிவிக்கப்படாத பகுதிக்கு 3ஆவது பிரிவில் அறிவிக்கக் கோரும் மனு. வாடகைதாரர்களுக்கு, 2017 வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய உதவுங்கள். அது வாடகையைக் கட்டிப்போடாது, ஆனால் திடீரென்று காலி செய்யச் சொல்வதைத் தடுக்கும்.

விதிகளில் பிடி இருக்கிறது. நான் சொன்ன 2017 தேசியக் கொள்கையே, தாக்கப் பகுதியில் அனுமதிக்கும் தளப்பரப்பில் குறைந்தது 30 விழுக்காடு மலிவு வீடுகளுக்கு என்கிறது. இது கொள்கைதான், மாநில விதியில் வந்தால்தான் கட்டாயம். நிலையங்களைச் சுற்றி எஃப்எஸ்ஐ கூட்டும் பேச்சு எப்போது வந்தாலும் இந்த எண்ணை முன்வையுங்கள். சும்மா கூடுதல் மாடி கொடுத்துவிட்டால் பேரம் பேச நம் பக்கம் எதுவும் இருக்காது.

தகவல் விடுபட்ட வரிகளுக்கு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்கள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்வியைச் சர்வே எண்ணோடு கேளுங்கள், பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பட்டியலின் ஒரு பிரதியைக் கவுன்சிலரிடம் கொடுங்கள், பகுதி சபைக் கூட்டத்தில் வாசியுங்கள், மூன்றாவது முழுமைத் திட்டத்துக்காக சிஎம்டிஏவுக்கும் அனுப்புங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே தெருக்களில் மறுபடி நடந்து, வாடகைக் கட்டத்தை மட்டுமாவது புதுப்பியுங்கள்.