போகலாமா, நிற்கலாமா? தஃப்தான்–குவெட்டா சாலையை வைத்து ஒரு பைக் பயணக் கணக்கு

ஐரோப்பாவிலிருந்து பைக்கில் கிழக்கே வருகிறவர்களுக்கு ஈரான் முடிகிற இடத்தில் மீர்ஜாவே–தஃப்தான் எல்லை வரும். அங்கிருந்து பாகிஸ்தானின் பலூசிஸ்தான் மாகாணத்துக்குள் நோக்குண்டி, தல்பந்தின், நுஷ்கி வழியாகக் குவெட்டா வரை ஓடுவது என்-40 நெடுஞ்சாலை. 600 கிலோமீட்டருக்கு மேல் பாலைவனம், இடப்பக்கம் ஆப்கானிஸ்தான் எல்லை. லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ ஊருக்கு பைக்கிலேயே வந்துவிட வேண்டும் என்ற ஆசையில் வரைபடத்தை விரிக்கும் தமிழர்களும் கடைசியில் விரல் வைத்து நிற்பது இந்தக் கோட்டில்தான். இந்திய பாஸ்போர்ட்டில் இந்த வழியை நினைக்கவே முடியாது. வேறு நாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இந்திய வம்சாவளி என்றால் விசா விசாரணை நீளும்.

“பாகிஸ்தான் பாதுகாப்பானதா?” என்று கேட்டால் யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. வடக்கே ஹுன்சா பள்ளத்தாக்கில் வெளிநாட்டுப் பயணிகள் நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் அதே நாளில் பலூசிஸ்தானில் நெடுஞ்சாலை மறிக்கப்பட்டிருக்கலாம். கேட்க வேண்டியது இது: இந்தச் சாலையில், இந்த வாரம், இந்த நேரத்தில், இந்த பாஸ்போர்ட்டோடு போனால் என்ன நடக்கக்கூடும்? நடந்தால் திரும்ப வழி இருக்கிறதா?

எச்சரிக்கையைக் காரணத்தோடு படியுங்கள்

பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா என ஒவ்வொரு அரசும் பயண எச்சரிக்கை வெளியிடுகிறது. குறைந்தது மூன்றைப் படியுங்கள். சிவப்பா ஆரஞ்சா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்த மாவட்டம், என்ன வகைத் தாக்குதல், கடைசியாகத் திருத்திய தேதி எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குண்டுவெடிப்பு, ஆள்கடத்தல், அரசின் கைது, வழிப்பறி நான்கும் வெவ்வேறு ஆபத்துகள். கூட்டத்தைத் தவிர்ப்பது குண்டுக்கு உதவும், கடத்தலுக்கு உதவாது.

எச்சரிக்கைக்கும் காப்பீட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. உங்கள் அரசு “போகவே வேண்டாம்” என்று சொன்ன பகுதிக்குள் நுழைந்தால் பெரும்பாலான பயணக் காப்பீடு அந்த நிமிடமே செல்லாது. சாதாரணமாகச் சறுக்கி விழுந்து கால் முறிந்தாலும் பணம் வராது. பல பாலிசிகள் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்கையே ஏற்பதில்லை. இந்த இரண்டு விதிகளையும் கிளம்பும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, சம்பவப் பட்டியல். தெற்காசிய பயங்கரவாத இணையவாசல் (SATP) என்ற இணையதளம் பலூசிஸ்தானுக்கென்று நாள்வாரியாகச் சம்பவங்களைத் தொகுக்கிறது. பாகிஸ்தானின் டான் நாளிதழில் குவெட்டா செய்திகள் தினமும் வரும். கடைசி 90 நாள் செய்திகளை எடுத்து, நீங்கள் போகும் சாலையில் நடந்ததை மட்டும் வரைபடத்தில் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று விஷயம் எழுதுங்கள்: குறி யார், எத்தனை மணிக்கு, எப்படி நிறுத்தினார்கள்.

இதனால் என்ன தெரியும் என்பதற்கு 2024-ஐப் பாருங்கள். ஏப்ரல் 12 அன்று நுஷ்கி அருகே தஃப்தான் நோக்கிப் போன பேருந்தை ஆயுதக்காரர்கள் மறித்து, அடையாள அட்டை பார்த்து, பஞ்சாபைச் சேர்ந்த 9 பேரை இறக்கிக் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஆகஸ்ட் 26 அன்று அதே மாகாணத்தின் முசாகேலில் அதே முறையில் சாலையை மறித்து 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். பலூச் தலைவர் அக்பர் புக்டி கொல்லப்பட்ட நினைவு நாள் அது. ஆக, நாள்காட்டியும் ஒரு கருவி. மார்ச் 23 (பாகிஸ்தான் தினம்), ஆகஸ்ட் 11 (பலூச் தேசியவாதிகளின் விடுதலை நாள்), 14 (பாகிஸ்தான் சுதந்திர தினம்), 26, நவம்பர் 13 (பலூச் தியாகிகள் நாள்) ஆகிய நாட்களையும், ஒவ்வொன்றின் முன்பின் இரண்டு மூன்று நாட்களையும் சாலையில் கழிக்காதீர்கள். முஹர்ரம், அர்பயீன் காலத்தில் ஷியா யாத்ரீகர்களின் பேருந்துகள் இதே சாலையில் போகும். அவை பலமுறை தாக்கப்பட்டவை. அந்த வரிசையோடு சேர்ந்து போவது பாதுகாப்பு என்று தோன்றும். சேரவே கூடாது.

பாஸ்போர்ட் விஷயமும் இதில் சேர்த்தி. 2025 ஜனவரியில் பைக்கில் உலகம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பிரிட்டன் தம்பதி ஈரானில் கைதாகி, பிறகு உளவுக் குற்றச்சாட்டுக்கு ஆளானார்கள். ஒரே சாலையில், ஒரே வகை பைக்கில் போகும் இருவருக்கு ஆபத்து ஒன்றல்ல.

யாரிடம், எப்படிக் கேட்பது

“ரோடு எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “ஒன்றும் பிரச்சினை இல்லை” என்றுதான் வரும். விருந்தாளியைப் பயமுறுத்துவது அந்த ஊரில் மரியாதை அல்ல. அதனால் அபிப்பிராயம் கேட்காதீர்கள், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். நாளைக்கு எத்தனை மணிக்கு லாரியை எடுப்பீர்கள்? எந்த ஊரைத் தாண்டினால் இரவில் நிறுத்த மாட்டீர்கள்? போன வாரம் எங்கே திருப்பி அனுப்பினார்கள்? வீட்டுப் பெண்களை இந்த வழியில் கூட்டிப்போவீர்களா? லாரி ஓட்டுநர், டீக்கடைக்காரர், எல்லைக் காவலர் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று பேரிடம் கேட்டு, பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒருவர் மட்டும் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்குத்தான் அதிக மதிப்பு கொடுக்க வேண்டும். எதிர்த்திசையில் வந்த பயணி கிடைத்தால் அவர் எந்தத் தேதியில் வந்தார் என்பது முதல் கேள்வி. இரண்டு வாரத்துக்கு முந்தைய அனுபவம் வெறும் கதை.

ஓடிக்கொண்டிருக்கும்போதும் தகவல் வந்துகொண்டே இருக்கும். முக்கியமானது எதிரே வரும் வண்டி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு லாரி என்று வந்துகொண்டிருந்த சாலையில் திடீரென்று 15 நிமிடம் எதுவுமே வரவில்லை என்றால், முன்னால் ஏதோ அடைத்திருக்கிறது. விபத்தாகவும் இருக்கலாம், மணல் சரிந்திருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அடுத்த டீக்கடையில் நின்று கேட்காமல் நகராதீர்கள். பகலில் கடை ஷட்டர் மூடியிருப்பது, சாலையோரம் குழந்தைகளே தென்படாதது, லாரிகள் பாதி வழியில் திரும்பி வருவது எல்லாமே நிறுத்தச் சொல்லும் அடையாளங்கள்.

காவல் வண்டி: கேடயமும் அதுவே, குறியும் அதுவே

பலூசிஸ்தானில் வெளிநாட்டவரைத் தனியாக விடமாட்டார்கள். எல்லையிலேயே போலீஸ் (முன்பெல்லாம் லெவீஸ் என்ற உள்ளூர்க் காவல் படை) பொறுப்பேற்று, ஒவ்வொரு செக்போஸ்ட்டாகக் கைமாற்றிக் கொண்டுபோவார்கள். ஆயுதமேந்திய வீரர்கள் பிக்கப் வண்டியில் வருவார்கள். சில இடத்தில் ஒருவர் உங்கள் பின்சீட்டிலேயே ஏறிக்கொள்வார். சுமையை அதற்கு ஏற்றபடி கட்டுங்கள்.

இது கட்டாயம், மறுக்க முடியாது. ஆனால் இதையே பாதுகாப்பு என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள். 2013-இல் இதே பாதையில் காவலர் உடன் இருந்தும் செக் நாட்டுப் பெண்கள் இருவர் பேருந்திலிருந்து கடத்தப்பட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தார்கள். 2014 ஜனவரி 21 அன்று குவெட்டா அருகே மஸ்துங்கில் யாத்ரீகர் பேருந்து தகர்க்கப்பட்டது. மறுநாளே அந்தப் பகுதியில் ஒரு ஸ்பெயின் சைக்கிள் பயணியோடு வந்த லெவீஸ் வீரர்கள் ஆறு பேர் தாக்குதலில் இறந்தார்கள், அவர் தப்பினார். நீங்கள் போவதால்தான் அந்த இளைஞர்கள் அன்று சாலைக்கு வருகிறார்கள். “என் உயிர், என் இஷ்டம்” என்று முடிவெடுக்கும் முன் அவர்கள் உயிரையும் தராசில் வையுங்கள். இந்த வழியைப் பற்றிய பேச்சில் அதிகம் விடுபட்டுப்போவது இதுதான்.

நடைமுறைக்கு வருவோம். பாஸ்போர்ட், விசா இரண்டின் ஜெராக்ஸ் 20 செட் தயாராக வைத்திருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெயர், தந்தை பெயர், பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து எங்கே என்று ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். தாளை நீட்டினால் பத்து நிமிடம் மிச்சம். அந்தப் பத்து நிமிடங்கள் சேர்ந்துதான் இருட்டுவதற்குள் ஊர் சேர்வதா இல்லையா என்பதை முடிவு செய்யும். பிக்கப்புக்கு 30 முதல் 50 மீட்டர் இடைவெளி விடுங்கள். முந்தாதீர்கள், பின்தங்கிக் காணாமலும் போகாதீர்கள். கைமாற்ற ஆள் வரவில்லை, “நீங்களே போங்கள்” என்று சொன்னால் போகாதீர்கள், அங்கேயே உட்காருங்கள்.

செக்போஸ்ட் தெரிந்ததும் 200 மீட்டருக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். நின்றதும் இன்ஜினை அணைத்து இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலேயே வையுங்கள். சட்டைக்குள் கை விடுவதென்றால் சொல்லிவிட்டு விடுங்கள். ஹெல்மெட் கேமராவை இந்த மாகாணம் முடியும்வரை பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

வண்டி நிற்கக் கூடாது

துப்பாக்கியை விடச் சாலையே அதிகம் பேரைச் சாய்க்கும். ஈரானில் வலப்பக்கம், பாகிஸ்தானில் இடப்பக்கம். எல்லையில் எல்லோரும் கவனமாகத்தான் மாறுவார்கள். தவறு நடப்பது டீ குடித்துவிட்டுக் காலிச் சாலையில் ஏறும்போது. வேகமானியின் கண்ணாடியில் “இடது” என்று எழுதி ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். தல்பந்தினுக்கு மேற்கே மணல்மேடுகள் தார்ச்சாலையிலேயே ஏறிக் கிடக்கும். கடத்தல் எரிபொருளை ஏற்றிய ஈரானிய ஜம்யாத் பிக்கப்புகள் கொள்ளாத பாரத்தோடு பறந்து வரும். அவற்றுக்கு வழி விடுங்கள்.

ஆளில்லாத இடத்தில் பஞ்சர் என்பது இங்கே பாதுகாப்புப் பிரச்சினை. நீங்கள் நின்றால் காவல் வண்டியும் வெட்டவெளியில் நிற்கும். அதனால் எல்லைக்கு முன்பே, ஈரானில் ஸாஹிதானுக்கு வருமுன், டயர் பாதி தேய்ந்திருந்தாலும் புதிதாக மாற்றுங்கள். மாற்றுக் கிளட்ச் கேபிளைப் பழைய கேபிளோடு ஒட்டியே இழுத்துக் கட்டிவைத்தால் 5 நிமிடத்தில் மாட்டலாம். 21 இஞ்ச் டியூப் ஒன்று இருந்தால் அவசரத்துக்கு 18 இஞ்சிலும் மடித்துப் போடலாம். டியூப்லெஸ் என்றால் ஒட்டுத்திரி, சிறிய 12 வோல்ட் காற்றடிப்பான். செயின் லிங்க் இரண்டு.

பெட்ரோலுக்கு 400 கிலோமீட்டர் ஓட்டம் கையிலேயே இருக்க வேண்டும். வழியில் கிடைப்பது பெரும்பாலும் கேனில் விற்கும் ஈரானியப் பெட்ரோல். எல்லை மூடினால் அதுவும் நின்றுவிடும். மெல்லிய துணி போட்ட புனலில் வடிகட்டி ஊற்றி, கடைசி இரண்டு விரல் அளவைக் கேனிலேயே விட்டுவிடுங்கள். தண்ணீரும் மண்ணும் அடியில்தான் தங்கும்.

முதலுதவிப் பையில் டூர்னிகே (ரத்தப்போக்கை நிறுத்தக் கை, காலில் இறுக்கிக் கட்டும் பட்டை) ஒன்று, அழுத்தக் கட்டு இரண்டு. டூர்னிகேயைக் காயத்துக்கு 5 முதல் 8 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் இறுக்கி, கட்டிய நேரத்தை நெற்றியில் எழுத வேண்டும். கைக்கெட்டும் இடத்தில், ஒற்றைக் கையால் எடுக்கும்படி வையுங்கள். ரத்த வகை ஹெல்மெட்டின் வெளியே. குவெட்டாவுக்குத் தெற்கே சிபி, ஜேக்கபாபாத் பகுதி கோடையில் 50 டிகிரியைத் தொடும் ஊர்கள். காவல் மாற்றத்துக்காக வெயிலில் மணிக்கணக்கில் நிற்க நேரும். ஆளுக்கு 6 லிட்டர் தண்ணீர், உப்பு–சர்க்கரைக் கரைசல்.

திரும்பும் கோட்டை முன்பே போடுங்கள்

சாலையில் நின்றுகொண்டு யோசித்தால் மனம் முன்னால் போகத்தான் காரணம் தேடும். வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: இந்தச் சாலையில் கடைசி 14 நாளில் மறியலோ தாக்குதலோ நடந்திருந்தால் நுழையேன். காலை 9 மணிக்குள் காவல் வண்டி கிளம்பாவிட்டால் அன்று போகமாட்டேன். சூரியன் மறைய 2 மணி நேரம் இருக்கும்போது எந்த ஊரில் இருக்கிறேனோ அங்கேயே தங்குவேன். மொபைல் இணைப்பை நிறுத்தியிருந்தால் காத்திருப்பேன். 2025 ஆகஸ்டில் பலூசிஸ்தான் முழுக்க மொபைல் இணையத்தை நிறுத்தினார்கள், ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கிவைத்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் கருவியை நம்புகிறவர்கள் ஒவ்வொரு நாட்டிலும் அனுமதி கேளுங்கள். இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருந்து பிடிபட்ட பயணிகள் உண்டு.

குவெட்டாவில் மேலே போகத் தடையின்மைச் சான்று வாங்க நாட்கள் ஆகும். அதுவரை பெரும்பாலும் ஹோட்டல் அறைதான். அங்கிருந்து சிபிக்கு இறங்கும் போலன் கணவாயில்தான் 2025 மார்ச் 11 அன்று 400-க்கும் மேற்பட்ட பயணிகளோடு ஜாஃபர் எக்ஸ்பிரஸ் ரயில் கடத்தப்பட்டது. ஆகவே குவெட்டா வந்துவிட்டதால் கணக்கு முடியவில்லை, அங்கே மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். விசாவில் 10 நாளாவது உபரி இல்லாமல் உள்ளே வராதீர்கள். தேதி நெருங்குகிறவன் கெட்ட நாளிலும் கிளம்புவான்.

வெளியேறும் கதவும் திறந்திருக்கிறதா பாருங்கள். இந்தியாவுக்குள் வரும் அட்டாரி–வாகா எல்லை 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. குஞ்சராப் கணவாய் வழியாகச் சீனாவுக்குள் போக வழிகாட்டியும் முன்னனுமதியும் வேண்டும். 2025 ஜூனில் இஸ்ரேல்–ஈரான் போர் மூண்டதும் ஈரான் பக்கத்து எல்லையும் சில நாள் அடைபட்டது.

இன்னொரு சங்கிலி கார்னே, அதாவது சுங்க வரி கட்டாமல் பைக்கைத் தற்காலிகமாக நாட்டுக்குள் கொண்டுவர உதவும் ஆவணம். பைக்கை விட்டுவிட்டுப் பறந்துவிட்டால் கட்டிய வைப்புத்தொகை போய்விடுமே என்று பயந்தே பலர் திரும்ப வேண்டிய நாளில் முன்னேறுகிறார்கள். கார்னே கொடுத்த சங்கத்திடம் கிளம்பும் முன்பே கேளுங்கள்: பாதியில் நாட்டை விட்டுப் போக நேர்ந்தால் வண்டியைச் சுங்கத்திடம் ஒப்படைத்து எந்தத் தாள் வாங்க வேண்டும், எவ்வளவு நாள் அவகாசம் உண்டு? அந்தப் பதிலை அச்செடுத்து கார்னேயின் உள்ளட்டையிலேயே செருகிவையுங்கள்.